மதகும் மின்கலமும்

தலைக்காவிரியில் தொடங்கிப் பூம்புகாரில் முடிய, ஆற்றோடு ஒருமுறை போய்வர வேண்டும் என்பது எங்கள் அம்மாவின் நெடுநாள் விருப்பம். ஏறத்தாழ 800 கிலோமீட்டர். அம்மாவுக்கு வயது எழுபத்தாறு. உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் இருப்பதால், முகமூடி வழியே காற்றைச் செலுத்தும் சிபாப் கருவி இன்றி அவரால் உறங்க இயலாது. ஆற்றங்கரைகளில் தங்கிச் செல்லும் பயணத்தில் இரவு எட்டு மணிநேரம் அக்கருவிக்கு மின்சாரம் தருவது எவ்வாறு என்னும் ஒரே கேள்வியில்தான் அந்த விருப்பம் பல ஆண்டுகள் தேங்கி நின்றது.

வண்டி பெரிய சிக்கலாக இல்லை. லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகள் நாமக்கல்லைச் சுற்றி நிறைந்த பகுதி எங்களுடையது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள் ஆழ்துளைக் கிணறு தோண்ட வடநாடு சென்று, மாதக்கணக்கில் வண்டியையே வீடாக்கி வாழ்வதை இளமையிலிருந்தே பார்த்து வருகிறோம். காரின் பின்னால் இழுத்துச் செல்லும் சிறு டிரெய்லர் ஒன்றைப் பட்டறையில் கட்டி முடித்தார்கள். அதன் கூரைக்கு 330 வாட் சோலார் பேனல் ஒன்று, உள்ளே 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்று. இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் சார்ஜ் கன்ட்ரோலர் எது என்பதில்தான் எங்கள் தேடல் தொடங்கியது.

கணக்கு எளியது. ஈரப்பதமூட்டியை நிறுத்தி வைத்தால் கருவிக்கு ஓர் இரவுக்கு 300 வாட்-மணி போதும். மின்விசிறிக்கு 230, விளக்குகளுக்கு 40. ஆக, நாளொன்றுக்கு 570. பேட்டரியின் கொள்ளளவு 1,280. முழுதும் வற்றவிடாமல் பயன்படுத்தினால், வெயிலே இல்லாவிட்டாலும் ஓரிரவு நிம்மதியாகக் கழியும். மறு இரவின் பெரும்பகுதியும் தாங்கும்.

கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டியது, ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் பி.டபிள்யூ.எம். வகை. "நம்ம பக்கத்து வண்டிக்கெல்லாம் இதுதானுங்க சார் மாட்டறோம், ஒண்ணும் ஆவாதுங்க" என்றார். அவர் சொன்னது உண்மையே. ஆனால் அவ்வண்டிகளில் இருப்பவை ஈய-அமில பேட்டரிகள். பேனல்களும் அவற்றுக்கேற்ற சிறியவை. எங்கள் பேனல் 37 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் தருவது. பி.டபிள்யூ.எம். அதைப் பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இழுத்துவிடும், ஆம்பியர் கூடாது. ஆகவே 330 வாட்டில் நமக்குக் கிட்டுவது 120 அளவே. நல்ல வெயில் ஐந்து மணிநேரம் என்று கொண்டால் 600 வாட்-மணி. தேவை 570. மேகம் மூடிய ஒரே நாளில் கணக்குக் கவிழ்ந்துவிடும். எம்.பி.பி.டி. வகையோ மிகுந்த வோல்ட்டைக் குறைத்து, அதை ஆம்பியராக மாற்றித் தரும். வெப்பத்தால் ஏற்படும் இழப்பு போக 250 வாட் கிட்டும். விலை பல மடங்கு. எனினும் அம்மாவின் மூச்சுக்கும் மேகத்துக்கும் இடையே நிற்பது அந்த வேறுபாடுதான்.

ஜேடர்பாளையத்தில் வாழ்வோர்க்கு இதனை விளங்கிக்கொள்வது கடினமன்று. காவிரியின் குறுக்கே படுகை அணை. அங்கிருந்து பிரிகிறது ராஜவாய்க்கால். அல்லாள இளைய நாயகர் வெட்டுவித்தது என்று ஊர் போற்றும் வாய்க்கால் அது. ஆற்றில் எவ்வளவு வந்தாலும் வெற்றிலைக் கொடிக்காலுக்கும் வாழைக்கும் வேண்டிய அளவே மதகு விடவேண்டும். ஆடிப் பெருக்கை அப்படியே வாய்க்காலில் திறந்தால் கரை உடையும். கன்ட்ரோலர் என்பதும் ஒரு மதகே.

எந்த மட்டத்தில் அடைப்பது என்பதில்தான் லித்தியம் வேறுபடுகிறது. நாங்கள் வாங்கியது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. 1997இல் ஜான் குட்இனஃபின் ஆய்வுக்குழு வெளியுலகுக்கு அறிவித்த சேர்மம் அது. 2019இல் குட்இனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, அவர் சார்பில் பரிசுரையை நிகழ்த்தியவர் தமிழகச் சிற்றூரில் பிறந்த ஆறுமுகம் மந்திரம் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. இவ்வகையின் கலம் ஒன்றுக்கு 3.65 வோல்ட் உச்சம். நான்கு கலங்களுக்கு 14.6. நாங்கள் 14.2இல் நிறுத்தினோம். ஈய-அமில பேட்டரிக்கு அவ்வப்போது தரப்படும் 15 வோல்ட்டை ஒட்டிய சமப்படுத்தும் ஏற்றம் இதற்கு ஆகாது; வெப்பநிலைக்கேற்ப வோல்ட்டை மாற்றும் அமைப்பும் வேண்டியதில்லை. ஆகவே இவற்றை அணைத்துவைக்க இடந்தரும் கன்ட்ரோலரையே தேடினோம். சுமையின்றி இருக்கையில் பேனல் 46 வோல்ட்வரை எழும். குளிரில் இன்னும் கூடும். தலைக்காவிரியின் விடியலை எண்ணி, 100 வோல்ட் தாங்கும் 30 ஆம்பியர் கன்ட்ரோலராகத் தேர்ந்தோம். இணைக்கையில் முதலில் பேட்டரி, பிறகே பேனல். கழற்றுகையில் முதலில் பேனல்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இவ்வகை பேட்டரி, பெரும்பகுதி தீரும்வரை ஏறத்தாழ 13 வோல்ட்டையே காட்டிக்கொண்டிருக்கும். வோல்ட்டைப் பார்த்து இருப்பை மதிப்பிட இயலாது. வருவதையும் போவதையும் எண்ணும் தனி மீட்டர் ஒன்றைச் சேர்த்தோம்.

சென்ற மாதம் வாசலிலேயே வண்டியை நிறுத்தி மூன்று இரவுகள் சோதித்தோம். இரண்டாம் நாள் முழுதும் மேகம். மூன்றாம் நாள் காலை மீட்டரில் நாற்பது விழுக்காடு மிச்சம் இருந்தது. அம்மா அந்த எண்ணைப் பார்க்கவில்லை. எழுந்து முகமூடியைக் கழற்றியதும் அவர் கேட்டது ஒன்றுதான்: "எப்பக் கெளம்பறோம்?"