மூங்கில் மலைகளின் வழியே – 5
வேலிக்குள் எரிந்த அடுப்பு

யிங்சியூவைத் தாண்டியதும் மலைகள் இரு பக்கமும் நெருக்கத் தொடங்கின. 2008 மே மாத நிலநடுக்கம் புரட்டிப்போட்ட ஊர் அது. சரிந்த மலைச்சரிவுகளை இப்போது புதர் மூடியிருக்கிறது. சுரங்கத்துக்குள் நுழைவதும் வெளிவருவதுமாகப் போன பேருந்து, எங்களை வோலோங் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டது.

இனப்பெருக்க மையத்தில் பாண்டா ஒன்று உட்கார்ந்தபடியே மூங்கிலை உரித்துத் தின்றுகொண்டிருந்தது. தின்பதில் ஐந்தில் ஒரு பங்குகூட அதன் உடம்பில் ஒட்டாது. அதனால் நாளின் பெரும்பகுதி தீனியிலேயே கழிகிறது. காட்டில் ஒருவகை மூங்கில் பூத்துப் பட்டுப்போனால், வேறு வகை இருக்கும் சரிவைத் தேடி நடக்க வேண்டும். 1983-இல் இங்கே அப்படித்தான் பூத்தது. இடையில் காடு அறுந்திருந்தால் நடந்து என்ன பயன்?

வோலோங் 1963-லேயே காப்பகமாகிவிட்டது. 1975-இல் இரண்டு லட்சம் ஹெக்டேராக விரிந்தது. ஆனால் ஜியாங்குவோ லியுவும் சக ஆய்வாளர்களும் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2001-இல் வெளியிட்ட ஆய்வு, காப்பகமான பிறகு பாண்டாவின் நல்ல வாழிடம் முன்பைவிட வேகமாகக் கரைந்ததாகச் சொன்னது.

காரணத்தை நான் தங்கிய வீட்டின் சமையலறையிலேயே பார்த்தேன். கூரையிலிருந்து புகையில் கறுத்த பன்றி இறைச்சி தொங்கியது. பன்றித் தீவனம் வேகவைக்க, குளிர்காய, இறைச்சிக்குப் புகைபோட என எல்லாவற்றுக்கும் விறகுதான். காப்பகத்துக்குள் வாழும் திபெத்திய, சியாங் குடும்பங்கள் பெருகப் பெருக அடுப்புகளும் பெருகின.

1998-இல் யாங்சி வெள்ளம் பேரழிவு செய்த பிறகுதான் அரசு இயற்கைக் காடுகளில் மரம் வெட்டத் தடை போட்டது. இங்கே அதோடு இன்னொன்றும் செய்தார்கள். காட்டைப் பிரித்துக் குடும்பங்களிடமே காவலுக்குக் கொடுத்து, அதற்குப் பணமும் தந்தார்கள்.

“ஒருத்தர் மரத்தை வெட்டினா எங்க குழுவுக்கே காசு போயிடும். அப்புறம் யாரு வெட்டுவா?” என்று சிரித்தார் வீட்டுக்கார அம்மா. வழிகாட்டி மொழிபெயர்த்துச் சொன்னார். முன்பு வெட்டியவர்களின் கையில் காவல் வந்ததும் காடு மீளத் தொடங்கியது. வரைபடத்தில் கோடு கிழித்தபோது நடக்காதது இது.

2015-இல் வெளியான கணக்கெடுப்பின்படி காட்டுப் பாண்டாக்கள் 1,864. கேட்க நிம்மதிதான். ஆனால் அவை 33 கூட்டங்களாகச் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் 18 கூட்டங்களில் பத்துப் பாண்டாகூட இல்லை. மரத்தைக் காக்க ஊரார் போதும். அறுந்த காட்டை ஒட்டவைக்க என்ன செய்வது?

நெடுஞ்சாலை மலைக்கு அடியில் போய்விட, மேலே பாண்டாவுக்கு வழி திறந்த நீபாஷானுக்கு அடுத்த வாரம் போவோம்.