முயல் மேட்டில் ஒரு காலை

எங்கள் வீட்டில் கோழி அறுக்கும் நாளில் நான் கொல்லைப்புறம் போகமாட்டேன். திருவிழாவிற்கு முந்தைய மாலை அம்மா அரிவாள்மணையை எடுத்தால், ஏதேனும் சாக்குச் சொல்லித் தெருவுக்கு வந்துவிடுவேன். குழம்பு கொதிக்கும் மணம் எழுந்த பின்னரே திரும்புவேன். இரண்டாம் முறை சோறு கேட்பதிலும் குறை வைத்ததில்லை. இதனை என் இளகிய மனத்தின் அடையாளமாகவே நெடுநாள் கருதியிருந்தேன்.

1996இல் மண்ணியல் ஆய்விற்காக இங்கிலாந்தின் கிழக்குப் பகுதிக்குச் சென்றேன். நார்ஃபோக், சஃபோக் ஆகிய இரு மாவட்டங்களும் கூடுமிடத்தில் பிரெக்லாந்து என்னும் மணற்பாங்கான நிலப்பரப்பு உள்ளது. அங்கே, தெட்ஃபோர்டு நகருக்கு அருகில், ஒரு சிற்றூரில் முதியவர் ஒருவரின் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். மனைவியை இழந்தவர், வயது அறுபத்தைந்து இருக்கும். தம் பெயர் அச்சில் வருவதை அவர் விரும்பியிருக்கமாட்டார் என்பதால் பெரியவர் என்றே எழுதுகிறேன். அப்பகுதி வழக்கப்படி என்னை அவர் 'போர்' என்று விளிப்பார். நம் எழுத்தில் அது சண்டையைக் குறித்துவிடுகிறது. அங்கோ அண்டை வீட்டானை அன்போடு அழைக்கும் பழஞ்சொல் என்பர்.

அவர் வீட்டுப் பின்புறத்தில் மரக்கூடுகளில் நான்கு ஃபெரட்டுகள் இருந்தன. ஃபெரட் என்பது பார்வைக்கு நம் கீரியைப் போன்றது. ஆனால் கீரி இனமன்று. போல்கேட் என்னும் காட்டு விலங்கை மனிதர் பழக்கி வீட்டு விலங்காக்கியது. கயிறு போல் நீண்ட உடல், குட்டைக் கால்கள், மூக்கைத் துளைக்கும் ஒரு நெடி. முயலை வளையிலிருந்து விரட்டுவதே அதன் தொழில். இத்தொழில் மிகப் பழையது. முயலுக்கெதிராக இவ்வகை விலங்கை வளைக்குள் விடும் வழக்கத்தை, ஸ்பெயின் நாட்டைப் பற்றி எழுதும்போது கிரேக்க அறிஞர் ஸ்ட்ராபோ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குறித்திருக்கிறார். இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்தில் 'மேரி அரசியின் திருப்பாடல் ஏடு' என்றொரு பதினான்காம் நூற்றாண்டுக் கையெழுத்துப் படி இருக்கிறது. அதன் ஓரப் படங்களில் ஒன்றில் பெண்கள் இருவர் ஃபெரட்டும் வலையுமாக முயல் பிடிக்கின்றனர். செபப் புத்தகத்தின் அடியில் முயல் வேட்டை வரைந்த அந்த ஓவியரை எனக்குப் பிடிக்கும்.

இங்கே ஒரு விளக்கம் தேவை. நம் காடுமேடுகளில் ஓடும் முயல் வளை தோண்டுவதில்லை. புல்லிடையே படுக்கை அமைத்துக் கிடக்கும். ஆங்கிலேயர் அவ்வினத்திற்கு வேறு பெயரும், வளையில் கூட்டமாக வாழும் இனத்திற்கு வேறு பெயரும் வைத்திருக்கின்றனர். நாம் இரண்டையும் முயல் என்றே சொல்லிவிடுகிறோம். நம் பழைய விவிலிய மொழிபெயர்ப்பில் வரும் குழிமுசலோ இவ்விரண்டுமன்று. அது பாறை இடுக்குகளில் வாழும் வேறொரு சிறு விலங்கு. நான் சொல்லப்போவது வளை முயலைப் பற்றி.

பிரெக்லாந்து முயல்களின் நாடு. நார்மானியர் காலத்திற்குப் பின் இறைச்சிக்கும் தோலுக்குமாக அங்கே முயல் வளர்ப்பு நிலங்கள் உண்டாயின. தெட்ஃபோர்டு துறவுமடத்திற்கும் அப்படி ஒன்று இருந்தது. அதன் காவலனுக்கென ஏறத்தாழ 1400இல் எழுப்பிய தடித்த சுவர்களுடைய கல்வீடு இன்றும் காட்டோரம் நிற்கிறது. சிறு கோட்டை போன்ற அக்கட்டடத்தைப் பார்த்தால் ஒரு முயலின் விலை புரியும். ஆயுதம் ஏந்திய திருடர் வருவர் என்று அஞ்சியே அப்படிக் கட்டினர். ஏழைக்கு அம்முயல் உரியதன்று. 1828ஆம் ஆண்டுச் சட்டம், இரவில் திருட்டுத்தனமாக முயல் பிடித்து மூன்றாம் முறை தண்டனை பெறுபவனை ஏழாண்டு நாடு கடத்த இடம் தந்தது. தன் பயிரைத் தின்னும் முயலைப் பிடிக்கும் உரிமை குத்தகை விவசாயிக்கு உறுதியாகக் கிடைத்தது 1880இல்தான்.

1997 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. குளிர்காலக் கோதுமை வயல் ஒன்றின் ஓரத்தை முயல்கள் மொட்டையடித்துவிட்டன என்று அதன் உரிமையாளர் பெரியவரை அழைத்திருந்தார். பேருந்து ஓட்டுநரான நண்பர் ஒருவரும், பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை பார்த்த அவருடைய மனைவியும் வந்தனர். நான்காவது ஆளாக என்னையும் சேர்த்துக்கொண்டனர். வேடிக்கை பார்க்கத்தான் போகிறேன் என்று நான் நினைத்திருந்தேன்.

வயலோரத்தில் நீண்ட மேடு. அதன் மேல் எல்டர் புதர்களும், காய்ந்து சாய்ந்த காஞ்சொறிச் செடிகளும். இவ்விரண்டையும் முயல் தின்னாது. ஆகவே இவை தழைத்த இடத்தில் முயல் வளை இருக்கும் என்று பெரியவர் முன்பே சொல்லியிருந்தார். உறைபனியில் நிலம் வெளுத்துக் கிடந்தது. காற்றில்லை. வண்டியை விட்டு இறங்கியதும் பேச்சு நின்றுவிட்டது. கதவைக்கூட அறையாமல் சாத்தினார்கள். காலடி அதிர்வு கேட்டால் முயல் வெளியே வர அஞ்சும். உள்ளேயே ஃபெரட்டால் மடியும்.

வலை விரிப்பதுதான் அன்றைய வேலையில் பெரும் பகுதி. அது நம் பாட்டிமார் இடுப்பில் செருகும் சுருக்குப்பையின் தத்துவமே. வளை வாயின் மேல் வலையைப் பரப்பி, அதன் சுற்றுக்கயிற்றை ஒரு முளைக்குச்சியில் கட்டி, குச்சியை நிலத்தில் அறைய வேண்டும். முயல் பாய்ந்து மோதினால் வாய் தானே சுருங்கிக்கொள்ளும். இருபத்துமூன்று வளைகளை எண்ணினோம். புதரடியில் மறைந்த ஒன்றைத் தவறவிட்டோம் என்பது பின்னர் தெரிந்தது. பெரியவர் ஒவ்வொரு வலையையும் உதறி விரித்தபோதுதான் கவனித்தேன்: அவர் கைகள் நடுங்கின. குளிர் என்று முதலில் நினைத்தேன். காலையில் தேநீர்க் கோப்பையை அவர் இரு கைகளாலும் பற்றியது நினைவுக்கு வந்தது. நண்பர் இருவரும் அதைப் பார்க்காதவர்கள்போல் தம் வேலையைச் செய்தனர். ஒரு முளையை அவர் மூன்று முறை குத்தியும் அது நிற்கவில்லை. அந்த அம்மையார் அவ்வழியே நடந்து, தற்செயலாக மிதிப்பவரைப்போல் அதைக் காலால் அழுத்திவிட்டுச் சென்றார்.

பிறகு அம்மையார் பெட்டியைத் திறந்து, வெள்ளை நிறப் பெண் ஃபெரட் ஒன்றை எடுத்தார். அதன் கழுத்தில், மண்ணுக்கடியில் இருக்கும் இடத்தை அறியச் சிறு மின்கருவி பொருத்திய பட்டை. வலையின் ஓரத்தை உயர்த்தி அதை வளைக்குள் விட்டார். வால் நுனி இருளில் மறைந்தது. நின்றோம். ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. பின்னர் என் பாதத்தினடியில் நிலம் 'தொம்' என்று அதிர்ந்தது. முயல் தன் பின்னங்கால்களால் தரையை அறைந்து உறவுகளை எச்சரிக்கும் ஓசை அது. மண்ணுக்குள் ஒரு வீடு முழுதும் விழித்துக்கொண்டதை அடியில் உணர்ந்தபோது என் நெஞ்சும் அப்படியே அடித்தது.

முதல் முயல் என் முன்னால் இருந்த வலையில்தான் பாய்ந்தது. வலை சுருங்கி, ஒரு சாம்பல் நிறப் பந்து புல்லில் உருண்டது. "பிடி!" என்று பெரியவர் அடங்கிய குரலில் கூறினார். குனிந்து கை வைத்தேன். வெதுவெதுப்பான உடல், கண் அகலத் திறந்திருந்தது. என்ன செய்ய வேண்டும் என்பதை முந்தைய இரவே சமையலறை மேசையில், ஒரு துணிச்சுருளை வைத்து அவர் காட்டியிருந்தார். பின்னங்கால்களை ஒரு கையில் பிடித்து, தலையை மறு கையால் இழுத்துப் பின்னுக்கு வளைத்தால் கழுத்தெலும்பு விலகும், ஒரு நொடிதான். எனக்குத் தெரியும். ஆனால் கை வரவில்லை. பிடியைத் தளர்த்தினேன், மீண்டும் இறுக்கினேன், மீண்டும் தளர்த்தினேன். அப்போது அது கத்தியது.

முயல் கத்துமென்று நான் அறிந்ததில்லை. பச்சிளங்குழந்தையின் வீறிடல் போன்ற ஒலி அது. பெரியவர் ஓடிவந்து மண்டியிட்டு என் கையிலிருந்து அதை வாங்கினார். முறை அவருக்குத் தெரியும்; ஐம்பது ஆண்டுத் தொழில். ஆனால் விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. தலை அவர் கையில் நழுவிற்று. முயல் மறுபடியும் கத்தியது. ஓட்டுநர் மேட்டின் மறுபுறமிருந்து தாவி வந்து, ஒன்றும் பேசாமல் அதை எடுத்து முடித்தார். அமைதியாயிற்று. பெரியவர் எழுந்திருக்காமல் தம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கடிந்துகொண்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

அதன்பின் முயல்கள் அடுத்தடுத்து வந்தன. ஒன்று நாங்கள் தவறவிட்ட வளை வழியே தப்பி வயலைக் கடந்து ஓடியது. அதைக் கண்டு நான்கு பேருமே சிரித்தோம். அடுத்தது பெரியவரின் வலையில் விழுந்தது. அவர் அதை மார்போடு சேர்த்துப் பிடித்தபடி ஓட்டுநரைத் தேடினார்; அவர் தொலைவில் இருந்தார். பின்னர் என்னைப் பார்த்தார். "போர்" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. நான் சென்று வாங்கி, அவர் காட்டியபடி செய்தேன். அது கத்தவில்லை. கால்களின் துடிப்பு அடங்கும்வரை பிடித்திருந்தேன். அவர் என் தோளில் கை வைத்தார்; அந்த நடுக்கம் என் எலும்புவரை தெரிந்தது.

நண்பகலுக்குள் பதினொன்று. இடையில் ஒரு ஃபெரட் உள்ளேயே முயலைக் கொன்று அங்கேயே உறங்கிவிட்டது. கருவியின் ஓசையைக் கொண்டு இடமறிந்து, மூன்றடி ஆழம் தோண்டி எடுத்தோம். பசுமையற்ற வேலியோரம் அமர்ந்து குடுவைத் தேநீர் குடித்தபோதுதான் பெரியவர் 1954ஐப் பற்றிப் பேசினார்.

பிரான்சில் 1952இல் ஒரு மருத்துவர் தம் தோட்டத்து முயல்களை ஒழிக்க மிக்சொமாட்டோசிஸ் என்னும் நோயைப் பரப்பினார். அது மறு ஆண்டே இங்கிலாந்தின் கென்ட் பகுதிக்கு வந்துவிட்டது. இரண்டு மூன்று ஆண்டுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்ட முயல்கள் மாண்டன. பெரியவரின் தந்தை முயல் பிடிப்பதையே பிழைப்பாகக் கொண்டவர். பிடித்தவற்றை இரயிலில் இலண்டனுக்கு அனுப்புவார். தோல் பிராண்டன் ஊருக்குப் போய்த் தொப்பிக்கான ரோமமாகும். அந்தக் கோடையில் கண்கள் வீங்கிக் குருடாகி, காதும் கேளாமல், சாலை நடுவே முயல்கள் உட்கார்ந்திருந்தன. ஆள் நெருங்கினாலும் அசையவில்லை. விற்க முடியாது, உண்ணவும் மனம் வராது. ஆயினும் தந்தையும் மகனும் நாள்தோறும் விடியலில் தடியோடு புறப்பட்டனர். கண்ணில் பட்ட ஒவ்வொன்றின் வேதனையையும் ஓர் அடியில் முடித்துவைத்தனர். கூலி தருவோர் யாருமில்லை. "அப்பா நடந்துகொண்டே அழுவார், கை மட்டும் தவறாது" என்றார் பெரியவர். அதற்குப் பின் அவர் தந்தை முயல் இறைச்சியைத் தொடவேயில்லையாம். நோயுற்ற முயலை எடுத்துப்போய்த் தம் நிலத்தில் விட்டு நோயைப் பரப்பியவர்களும் அன்று இருந்தனர்; 1954ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் குற்றமாக்கியது.

அன்றிரவு முயலை மாவு மூடியிட்டுச் சுட்டு உண்டோம். உணவுக்கு முன் நான் சிலுவை வரைந்தபோது, அவ்வழக்கமில்லாத பெரியவரும் முள்கரண்டியைக் கீழே வைத்துக் காத்திருந்தார். என் பங்கை முழுதும் உண்டேன்; இரண்டாம் முறை கேட்கவில்லை.

இன்று அப்பகுதியில் முயல் அருகிவிட்டது. பின்னர் வந்த குருதிக்கசிவு நோய் அவற்றைக் குறைத்துவிட்டது. முயல் மேய்ந்து கட்டையாக்கிய புல்லில்தான் நம் கண்கிலேடிப் பறவையின் உறவினம் ஒன்று அங்கே முட்டையிடும். ஆகவே இயற்கைக் காவலர்கள் சுள்ளிகளைக் குவித்து முயலுக்குப் புகலிடம் அமைக்கின்றனர். அதன் பூர்வீகமான ஸ்பெயின், போர்ச்சுகல் பகுதிகளில் 2019 முதல் அது அழிவை எதிர்நோக்கும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. இதை அறிந்தால் பெரியவர் என்ன சொல்லியிருப்பாரோ.

அடுத்த குளிர்காலத்தில் அவரால் வர இயலவில்லை. நாங்கள் மூவரும் சென்று வந்தோம். வலைகளை ஒவ்வொன்றாகச் சுருட்டி, குச்சியில் சுற்றி, பையில் அடுக்கிக் கொண்டுவந்து அவர் முன் வைத்தேன். ஒன்றை எடுத்துப் பார்த்தார். நான் சுற்றிய முறை தவறு என்றார். அடுத்த முறை உதறும்போது சிக்கிக்கொள்ளுமாம். எல்லாவற்றையும் அவிழ்த்து மேசைமீது பரப்பினார். நடுங்கும் விரல்களால் ஒவ்வொன்றாகப் புதிதாகச் சுருட்டத் தொடங்கினார். உதவ எழுந்த என்னை அந்த அம்மையார் கண்ணால் தடுத்தார். இருபத்துநான்கு வலைகள். முடிப்பதற்கு இரவு பத்து மணி ஆயிற்று.