பிரெஞ்சுக்கு ஏணி ஆங்கிலம்தானா?

பிரெஞ்சு கற்க ஆங்கிலமே ஏணி என்று நினைப்பவர்கள் அந்தமான் தமிழரைப் பார்க்கலாம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் இந்தி. இரண்டுமே அவருக்குக் கைகொடுக்கும்.

நாற்காலிக்கு ஏது பால் என்று சென்னை மாணவர் திகைப்பார். இந்தியில் 'குர்சி'யைப் பெண்பாலாகப் பேசிப் பழகியவருக்கு 'லா ஷேஸ்' உறுத்தாது. ஆனால் எல்லாம் பொருந்திவிடாது: வீடு இந்தியில் ஆண்பால், பிரெஞ்சில் பெண்பால்.

உச்சரிப்புக்குத் தமிழே துணை. பேச்சில் 'மரம்' என்னும்போது ஈற்று 'ம்' மூக்கில் கரைகிறதே, 'நல்ல' எனப் பொருள்படும் 'போன்' முடிவதும் அப்படித்தான். 'லே'யும் 'அமி'யும் (நண்பர்கள்) சேர்ந்தால் 'லேஸமி': ஊமையாக நின்ற மெய்யின்மேல் உயிர் ஏறுகிறது. புணர்ச்சி படித்தவருக்கு இது புதிதல்ல.

சிரமம் வாக்கிய வரிசையில்தான். 'நான் படிக்கிறேன் புத்தகம்' என்பதே பிரெஞ்சு முறை. வினையைக் கடைசிவரை தேக்கிவைக்கும் பழக்கத்தை மாற்றத் தமிழும் உதவாது, இந்தியும் உதவாது.