ஜெரால்டின் மைந்தர்

அயர்லாந்து நாட்டின் ஊர்களில் கடைப் பலகைகளிலும் கல்லறைக் கற்களிலும் 'ஃபிட்ஸ்ஜெரால்டு' என்னும் குடும்பப் பெயரை நாம் அடிக்கடி காண்கிறோம். அம்மண்ணிலேயே முளைத்த பெயர் என்றுதான் எவரும் எண்ணுவர். ஆனால் அது கடல் கடந்து, வாளேந்தி வந்த நார்மானியரின் பெயர். அந்நியப் பெயர் அந்நாட்டின் சொந்தப் பெயரான வரலாற்றை, அது கடந்து வந்த ஊர்களின் வழியே சென்று காண்போம்.

'ஃபிட்ஸ்' என்பது மகன் எனப் பொருள்படும் நார்மானியப் பிரெஞ்சுச் சொல். 'ஃபிலியுஸ்' என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது. ஆகவே ஃபிட்ஸ்ஜெரால்டு என்றால் ஜெரால்டின் மகன். பிற்காலத்தில் இங்கிலாந்து மன்னர்கள் மணவுறவுக்குப் புறம்பே பெற்ற பிள்ளைகள் சிலருக்கு 'ஃபிட்ஸ்ராய்' போன்ற பெயர்கள் சூட்டப்பட்டன. அதனால் 'ஃபிட்ஸ்' என்றாலே இழிவு எனக் கருதுவோர் உண்டு. அது சரியன்று, தொடக்கத்தில் அது தந்தையின் பெயரைச் சுட்டியதேயன்றி வேறில்லை.

அந்தத் தந்தையைக் காண, வேல்ஸ் நாட்டின் தென்மேற்கிலுள்ள பெம்புரோக் கோட்டைக்குச் செல்ல வேண்டும். 1066-இல் இங்கிலாந்தை வென்ற நார்மானியர், பின்னர் வேல்ஸிலும் புகுந்தனர். அக்கோட்டையின் காவல் தலைவராயிருந்தவரே வின்சர் ஊர் ஜெரால்டு. அவர் வேல்ஸ் அரசர் ஒருவரின் மகளாகிய நெஸ்ட் என்பவரை மணந்தார். அவர்கள் மகன் மோரிஸ், 1169-இல் அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டில் கரையிறங்கினார். நாடிழந்த லென்ஸ்டர் மன்னர் டெர்மட், படையுதவி வேண்டி அழைத்ததே அதற்குக் காரணம். உதவிக்கு வந்தவர்கள் நிலத்தைத் தமதாக்கிக் கொண்டனர். அவர்களது சந்ததியார் 1316-இல் கில்டேர் பிரபுக்களாகவும், 1329-இல் டெஸ்மண்ட் பிரபுக்களாகவும் உயர்ந்தனர்.

எனினும், வென்றவர்களை அந்த நாடு மெல்ல மெல்ல வென்றது. ஆங்கிலக் குடியினர் ஐரிஷ் மொழி பேசலாகாது, ஐரிஷ் குடும்பங்களில் பெண் கொண்டு கொடுத்தலாகாது என 1366-இல் கில்கென்னி நகரில் சட்டமியற்றினர். ஆனால் அதே காலத்தில் டெஸ்மண்டின் மூன்றாம் பிரபு ஜெரால்டு ஐரிஷ் மொழியிலேயே கவிதை புனைந்து கொண்டிருந்தார்! அவரது குடும்பப் பெயரும் அம்மொழியில் 'மாக் கெரால்ட்' ஆயிற்று. 'மாக்' என்றாலும் மகன் என்பதே பொருள்.

இனி டப்ளின் நகரின் புனித பேட்ரிக் பேராலயத்துக்கு வருவோம். ஃபிட்ஸ்ஜெரால்டுகளுக்கும், நார்மானிய வழியினரேயான பட்லர் குடும்பத்தாருக்கும் நெடுநாட் பகை. 1492-இல் ஜேம்ஸ் பட்லர் உயிருக்கு அஞ்சி இப்பேராலயத்தின் ஓர் அறைக்குள் புகுந்து தாழிட்டுக் கொண்டார். கில்டேர் பிரபு ஜெரால்டு வெளியே நின்று அபயமளித்தும் அவர் நம்பவில்லை. அப்பொழுது பிரபு கதவில் துளையிடச் செய்து, அதன் வழியே தம் கையை உள்ளே நீட்டினாராம். உள்ளிருப்பவர் நினைத்தால் ஒரே வீச்சில் அக்கையைத் துண்டித்திருக்கலாம். அவரோ அதைப் பற்றிக் குலுக்கினார், கதவு திறந்தது. இது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. துளையுள்ள கதவை இன்றும் அங்கே காணலாம்.

வாளை நம்பியபோது அக்குடும்பம் கண்டது வேறு. அந்தப் பிரபுவின் பேரன் தாமஸ், 1534-இல் எட்டாம் ஹென்றி மன்னருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார். மறு ஆண்டே மேநூத் ஊரிலிருந்த அவர்களது கோட்டை பீரங்கிகளுக்கு வீழ்ந்தது. 1537-இல் தாமசும் அவருடைய சிற்றப்பன்மார் ஐவரும் லண்டனில் கொல்லப்பட்டனர். ஐரோப்பாவுக்கு மறைவாகக் கொண்டு செல்லப்பட்ட சிறுவன் ஒருவனால் வம்சம் பிழைத்தது. மேநூத் கோட்டையின் இடிபாடுகளுக்கு அருகிலேயே 1795-இல் கத்தோலிக்க குருமடம் எழுந்தது.

கடைசியாக டப்ளினிலுள்ள லென்ஸ்டர் மாளிகை. 18-ஆம் நூற்றாண்டில் கில்டேர் பிரபு கட்டிய அந்த இல்லம் இன்று அயர்லாந்தின் பாராளுமன்றம். 1963 ஜூன் 28-ஆம் நாள் அமெரிக்க ஜனாதிபதி ஜான் ஃபிட்ஸ்ஜெரால்டு கென்னடி அங்கே உரையாற்றினார். அவருடைய அன்னை ரோஸ் பிறந்தது ஃபிட்ஸ்ஜெரால்டு குடும்பத்தில். அவர் முன்னோர் அயர்லாந்தை விட்டுப் பிழைப்புத் தேடிக் கப்பலேறியவர்கள். இம்மாளிகை ஒரு காலத்தில் ஃபிட்ஸ்ஜெரால்டுகளுக்குச் சொந்தம், ஆயினும் அதைக் கேட்டுப் பெற நான் வரவில்லை என்று அவர் கூற, சபை சிரித்தது.

பிரபுவின் பெயரே நாடு விட்டுச் சென்ற ஏழையின் பெயருமாயிற்று. வெக்ஸ்ஃபோர்டில் இறங்கிய வாட்கள் எங்கே போயினவோ! கதவின் துளையில் நீண்ட அந்தக் கையைத்தான் டப்ளின் மக்கள் இன்றும் தம் பிள்ளைகளுக்குக் காட்டுகின்றனர்.