அண்ணன், தம்பி, ஐஸ்லாந்து

வேலைக்காக ஜெர்மனியின் லூபெக் நகரில் இருந்தபோது ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. நவம்பரில் அங்கே நாலரை மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். 1956-ல் ஆரம்பித்த நோர்டிக் திரைப்பட விழா அப்போதுதான் நடக்கும். டென்மார்க், ஸ்வீடன், நார்வே, ஃபின்லாந்து, ஐஸ்லாந்து என்று படங்களாகப் பார்த்துத் தள்ளலாம்.

ஐஸ்லாந்து மொழி பேசுபவர்கள் 4 லட்சம் பேர்கூட இல்லை. அவர்கள் கதைக்கு வெளியூரில் அரங்கம் நிறையும்!

ஊர் திரும்பியதும் 'ரேம்ஸ்' (2015) என்ற ஐஸ்லாந்து படத்தை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். பக்கத்துப் பக்கத்தில் ஆடு வளர்த்தும் 40 வருடமாகப் பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பி கதை. எங்கள் குடும்பத்தில் ஆடு இல்லை, வரப்புத் தகராறு. சித்தப்பாவோடு அப்பா பேசி 11 வருடமாகிறது.

சப்டைட்டிலை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். படம் முடிந்தும் அப்பா டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "உன் சித்தப்பாவுக்கும் இதைப் போட்டுக் காட்டுப்பா" என்றார்.