ஜெர்க்குக்கு முன்னால் வரும் தாமதம்

திங்கள்

ஆட்டோமேட்டிக் காரில் ஜெர்க் அடித்தால் பதறிப்போய் ஒர்க்‌ஷாப்பைத் தேடுகிறோம். 'டி'யில் போட்டபின் கியர் விழ இரண்டு நொடி ஆனால், வண்டி இன்னும் சூடாகவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். கவலைப்பட வேண்டிய வரிசை இதற்கு நேர்மாறானது என்பது என் கட்சி. டார்க் கன்வெர்ட்டர் உள்ள கியர் பாக்ஸில் ஆயிலின் அழுத்தம்தான் கிளட்ச் தகடுகளை இறுக்குகிறது. அழுத்தம் மிகுந்தால் தகடுகள் சட்டென்று பிடித்துக்கொள்ளும், ஜெர்க் அடிக்கும். அழுத்தம் பிந்தியோ குறைந்தோ வந்தால் தகடுகள் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கும், சூடேறும், தேயும். பெட்டியைத் தின்பது இந்த வழுக்கல். ஜெர்க்கைப் பல பெட்டிகளில் தயாரித்தவர்களே ஒரு காவலாக வைத்திருக்கிறார்கள். அழுத்தத்தை ஆளும் சோலனாய்டுக்கு மின்சாரம் நின்றால் அழுத்தம் உச்சத்துக்குப் போகும்படி அமைத்திருப்பார்கள். கோளாறு கண்ட கம்ப்யூட்டர் வண்டியை ஒரே கியரில் பூட்டி, தட்டுத்தடுமாறியாவது வீடு சேர விடுவதும் இந்த ஏற்பாட்டை நம்பித்தான். தகடு எரிவதற்குப் பதிலாகப் பயணியின் முதுகு கொஞ்சம் வாங்கிக்கொள்ளட்டும் என்று நினைத்திருப்பார்கள் போலும்.

புதன்

தாமதத்துக்கு இன்னொரு வசதி உண்டு: அதை அளக்கலாம். டொயோட்டாவின் சர்வீஸ் கையேடுகளில் இதற்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. ஆயில் 50 முதல் 80 டிகிரி வரை சூடேறிய பிறகு, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, இன்ஜினை ஐடிலில் விட்டு, நியூட்ரலிலிருந்து 'டி'க்கு மாற்றி, பிடிப்பு உணரப்படும்வரை ஸ்டாப் வாட்சில் பார்க்க வேண்டும். 1.2 நொடிக்குள் இருக்க வேண்டும், ரிவர்ஸுக்கு 1.5 நொடி. ஒவ்வொரு முறைக்கும் நடுவே ஒரு நிமிடம் விட்டு, மூன்று முறை அளந்து சராசரி எடுக்கச் சொல்கிறார்கள். பெட்டியைக் கழற்றாமலே இது எவ்வளவோ சொல்லிவிடுகிறது. இரண்டு பக்கமும் பிந்தினால் பொதுவான அழுத்தமே குறைவு என்று கொண்டு ஆயில் மட்டம், ஃபில்டர், பம்ப் என்று தேடலாம். ஒரு பக்கம் மட்டும் பிந்தினால் அந்தப் பக்கத்துக் கிளட்ச்சும் அதன் சீல்களும் சந்தேகத்துக்குரியவை. காலையில் மட்டும் பிந்திச் சூடேறியதும் சரியானால், இறுகிப்போன ரப்பர் சீல்களையோ இரவில் கன்வெர்ட்டரிலிருந்து வடிந்துவிட்ட ஆயிலையோ நினைக்க வேண்டும். சூடேறிய பிறகே பிந்தினால், நீர்த்துப்போன ஆயில் தேய்ந்த இடுக்குகள் வழியே கசிகிறது என்று ஊகிக்கலாம். ஆயில் மட்டத்தையும் கையேடு சொல்லும் சூட்டில்தான் பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக்கே இல்லாத இன்றைய பல பெட்டிகளில் அதை அடியிலுள்ள பிளக் வழியாகத்தான் பார்க்க முடியும் என்பதால் பலர் பார்ப்பதே இல்லை.

வெள்ளி

ஸ்கேனரை மாட்டினால் போதாதா என்பார்கள். பி 0730 என்ற கோடு, உள்ளே சுழலும் வேகமும் வெளியே வரும் வேகமும் அந்த கியரின் கணக்கோடு ஒத்துப்போகவில்லை என்று மட்டும் சொல்லும். ஆயில் குறைவா, வால்வ் சிக்கியதா, தகடு தேய்ந்ததா என்று அது சொல்லாது. அதோடு, தேய்மானத்துக்கு ஏற்ப கிளட்ச் நிரம்பும் நேரத்தையும் அழுத்தத்தையும் கம்ப்யூட்டர் தானாகவே திருத்திக்கொண்டு வருவதால், அந்தத் திருத்தம் எல்லையைத் தொடும்வரை கோடு எதுவும் வராமலே இருக்கலாம்.

ஜெர்க்கும் கெடுதல்தானே என்பது வலுவான ஆட்சேபம். ஆம், நாள்பட்டால் அது மவுண்டுகளையும் ஆக்ஸில் மூட்டுகளையும் பதம் பார்க்கும். அதற்காகப் பெட்டியைப் பிரிக்க வேண்டியதில்லை. அழுத்தம் ஏன் ஏறியது என்று கேட்டால் போதும். காற்றை அளக்கும் சென்சார் தப்புக் கணக்குக் கொடுத்தால் இன்ஜினின் விசையைத் தவறாக எடைபோட்டு கம்ப்யூட்டர் அழுத்தத்தைக் கூட்டிவிடும். கிழிந்த இன்ஜின் மவுண்ட் 'டி'யில் போட்டதும் 'டொக்' என்று இடிக்கும், பெட்டி பழுதே இல்லாமல். இன்ஜின் ஒரு கணம் உறுமிவிட்டு அதன்பின் ஜெர்க் அடித்தால் மட்டும் கதை வேறு. அங்கே கிளட்ச் பிந்திப் பிடிக்கிறது, ஜெர்க் அதன் விளைவு. (2014இல் செலேரியோவோடு இந்தியாவில் பரவிய ஏஎம்டி வண்டிக்காரர்கள் இதையெல்லாம் படித்துக் கலங்க வேண்டாம். அது மேனுவல் கியர் பாக்ஸையே இயந்திரக் கையால் மாற்றுவது. தலை ஆட்டுவது அதன் சுபாவம்.)

ஞாயிறு

பழைய பெட்டியில் ஆயிலை மாற்றினால் அதோடு போய்விடும் என்ற பயம் பாக்கி. தகடுகள் ஏற்கெனவே கரைந்துவிட்ட பெட்டி புது ஆயிலாலும் பிழைக்காது. பலர் தாமதம் முற்றிய பிறகே மாற்ற வருவதால் பழி ஆயில் மேல் விழுகிறது. அழுத்தம் கொடுத்து அலசுவதைத் தவிர்த்து, வடித்து நிரப்பினால் போதும். பிஎம்டபிள்யூ தன் கார்களுக்கு ஆயுள் முழுதும் ஒரே ஆயில் என்று சொன்ன காலத்தில், அவற்றுக்குப் பெட்டி செய்து கொடுத்த இசட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. பெட்டியைச் செய்தவர் பேச்சையே நான் எடுத்துக்கொள்வேன்.