சிரிப்பு வருது... யாரைப் பார்த்து?

‘சுராங்கனி’ தெரியாத காலேஜ் டூர் பஸ் உண்டா? சிலோன் மனோகர்னு நாம கொண்டாடின ஏ.ஈ.மனோகரன் இங்கே பிரபலமாக்கின பாட்டு. போன மாசம் கல்ச்சுரல்ஸுக்காக அதைத் தேடப் போய், ‘ஜிப்ஸீஸ்’ங்கிற இலங்கை பேண்டில் மாட்டிக்கிட்டேன்.

கொழும்புக்குப் பக்கத்துல மொறட்டுவை. அங்கே 1970-களின் தொடக்கத்துல அன்டன் பெரேரா தன் பிள்ளைகளோட ஆரம்பிச்ச குடும்ப பேண்ட் இது. மகன் சுனில் பெரேராதான் ஹீரோ. 2021 செப்டம்பர்ல இறக்குற வரைக்கும் மைக்கை விடலை மனுஷன்!

இவங்க பாடினது பைலா. போர்ச்சுகீஸ்ல ‘பைலார்’னா ஆடுறது. 1505-ல் இலங்கைக்கு வந்த போர்ச்சுகீசியர்களோட மெட்டு, அவங்க அடிமைகளா இழுத்துட்டு வந்த ஆப்பிரிக்கர்களோட தாளம், அதுக்கு மேல சிங்கள வார்த்தைகள். 1940-கள்ல இதை ஊரெல்லாம் பரப்பின வாலி பாஸ்டியன் ஒரு போலீஸ்காரர்னா நம்புவீங்களா? அந்தக் கலவைக்கு கிடார், டிரம்ஸ் மாட்டி, கூடவே நக்கலையும் சேர்த்தாங்க ஜிப்ஸீஸ். ‘ஐ டோன்ட் நோ வை’ பாட்டுல அரசியல்வாதிகளையும் ஊழலையும் கிழிகிழினு கிழிச்சிருப்பாங்க. கல்யாண வீட்டுல ஆடுற அதே தாளத்துல!

சிங்களம் ஒரு வார்த்தை தெரியாது எனக்கு. அர்த்தம் தேடித் தேடிப் படிச்சேன். சிரிச்சேன். அப்புறம் சிரிப்பு நின்னுடுச்சு பாஸ்.

ஏன்னா, போன வருஷ கல்ச்சுரல்ஸ்ல நானும் ஒரு காமெடி பாட்டு எழுதினேன். சப்ஜெக்ட், நாகர்கோவில் பக்கத்துலேர்ந்து வந்த என் ரூம்மேட்டோட பேச்சு. அவன் இழுக்குற இழுப்பு, ‘மக்கா’, மலையாள வாடை எல்லாத்தையும் ரைமிங்ல போட்டேன். ஆடிட்டோரியமே விசிலடிச்சுது. அவனும் சிரிச்சான். “பாட்டு நல்லாத்தாம்ல இருந்து”ன்னு கையும் குடுத்தான்.

ஆனா, அன்னியிலேர்ந்து அவன் அம்மாகிட்டே ரூம்ல போன் பேசுறதில்லை. போன் வந்தா எடுத்துட்டு மாடிப்படிக்குப் போயிடுவான். திரும்பி வந்ததும் எங்ககிட்டே சுத்தமான பாடப்புத்தகத் தமிழ். டவர் கிடைக்கலைபோலனு நினைச்சேன். மக்கு நான்!

சுனில் பெரேரா பதவியில இருக்கிறவனைப் பார்த்து சிரிச்சார். நான் பக்கத்துக் கட்டில்ல படுத்திருக்கிறவனைப் பார்த்து சிரிச்சிருக்கேன். எத்தனையோ ஊர் கலந்த இசையில அவங்க ஆடினாங்க. ஒரே ரூம்ல ரெண்டு தமிழ் இருந்ததை என்னால தாங்க முடியலை.

‘ஸாரி’ சொன்னேன். “அத விடுல”ன்னான். இந்த வருஷப் பாட்டுல முதல் சரணம் என்னோட ரெண்டு அரியர் பத்தி, அடுத்தது அட்டெண்டன்ஸ் ஃபைன் பத்தி. மூணாவதை அவன் தமிழ்ல அவனையே எழுதச் சொல்லியிருக்கேன். “யோசிக்கேன்”னு சொல்லியிருக்கான்.

நேத்து ராத்திரியும் போனை எடுத்துக்கிட்டு மாடிப்படிக்குத்தான் போனான். கதவைத் திறந்தே வெச்சிருக்கேன் ஃப்ரெண்ட்ஸ்!